யாரும் திறக்காத மாடல்

லோத்குண்டாவில் குடியிருக்கும் வேதா பதினைந்து வருடம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவள். முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் எழுப்பத் தானாகவே கற்றுக்கொண்டாள். கச்சிபௌலியில் கட்டிவந்த இருபத்திரண்டு மாடி அடுக்ககத்துக்கு அப்படியொரு மாடல் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், கட்டுமானக் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது. சைட்டில் ஒரு தகரக் கன்டெய்னர். அதில் ஒரு கம்ப்யூட்டர். அவளைத் தவிர அதைத் தொட ஆள் இல்லை.

நான்காம் மாடியை வரையும்போது கழிவுநீர்க் குழாய் தூணை ஒட்டி, தளத்தைத் தாங்கும் பீமுக்குள் நுழைவது தெரிந்தது. மேலே எல்லா மாடியிலும் அதே கதை. கான்கிரீட் போடப் பத்து நாள் இருந்தது. படத்தை பிரின்ட் எடுத்து பிளம்பிங் மேஸ்திரி ஆண்டனியிடம் ஓடினாள்.

அவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். "ஆனா நக்கோ மேடம், வேணாம். கையெழுத்து போட்ட டிராயிங்ல குழாய் இங்கதான் இருக்கு. கலர் படத்தை நம்பி மாத்தினா, நாளைக்கு என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

குழாயை நகர்த்த கட்டமைப்பு இன்ஜினியரிடம் கையெழுத்து கேட்டாள். மாடலைச் சரிபார்ப்பது தன் வேலையில் இல்லை என்று பதில் வந்தது. புராஜெக்ட் மேனேஜர் கிருஷ்ணகுமார், "உங்க படம் முடியற வரைக்கும் கான்கிரீட் லாரி நிக்குமா வேதா?" என்றார்.

கான்கிரீட் விழுந்தது. பிறகு குழாய்க்காக மாடி மாடியாக பீமைத் துளைத்தார்கள். உள்ளே இருந்த கம்பிகளும் அறுபட்டன.

கட்டியதைக் கட்டியபடியே காட்டும் மாடலைக் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்கும் நாள் வந்தது. "துளை இல்லாம பீமை முழுசா காட்டிடுங்க," என்றார் கிருஷ்ணகுமார். வேதா தலையாட்டினாள். ஆனால் துளைகள் ஒவ்வொன்றையும் சிவப்பில் வைத்தே அனுப்பினாள். வேலை போகும், கேஸ் வரும் என்று காத்திருந்தாள். மூன்று வாரம் ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை.

கட்டட உரிமையாளரின் ஆபீசுக்கே போனாள். அங்கிருந்த சுப்பிரமணியம் ரிஜிஸ்டரைக் காட்டினார். "மாடல் வந்துடுச்சும்மா. டிக் பண்ணியாச்சு."

"திறந்து பாத்தீங்களா சார்?"

"அதுக்கான சாஃப்ட்வேர் எங்ககிட்ட ஏது?"

அங்கேயே உட்கார்ந்து மாடி எண், பீம் எண் எல்லாம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் வந்தால்தான் வாங்க முடியும் என்று சுப்பிரமணியம் திருப்பித் தந்தார். அதற்கு அடுத்த வாரமே வேதாவை நாச்சாரம் குடோனுக்கு மாற்றினார்கள். டைல்ஸ் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை.

உகாதிக்குள் பாதி வீடுகளில் ஆட்கள் குடிவந்தார்கள். ஒருநாள் ஆண்டனி போன் செய்தார். ஆறாம் மாடியில் துளைக்குப் பக்கத்தில் பீமில் விரிசல் விட்டிருந்ததாம்.

"போட்டோ எடுங்க அண்ணா, உடனே!"

"எடுக்கறதுக்குள்ள ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிட்டாங்க மேடம். அந்த வீட்டுக்காரங்க ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாங்க."