அமெரிக்கா போகிற காமிக்ஸ்

சங்ககிரி கூரியர் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் லாரிக்காரர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. லோடு கட்டுவதுபோலக் கயிறு போட்ட பெட்டியை நொடிக்கொரு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு பழைய காமிக்ஸ் என்றார். அமெரிக்காவில் அதன் தரத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் கூடினால் விற்கும் விலையும் கூடும்; சின்னக் கறை இருந்தாலும் குறைத்துவிடுவார்கள்.

கட்டணத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

“போறதுக்கே இவ்ளோன்னா, திரும்பி வாரதுக்கு என்னங்க பண்றது? நல்ல மார்க்கு வந்தாத்தானுங்க தப்பிப்பேன்.”

அப்போதுதான் கவனித்தேன். ஆயுத பூஜையில் லாரிக்கு வைப்பதுபோல, பெட்டிமேல் பெரிய குங்குமப் பொட்டு. பதறிப்போய்க் கேட்டேன்.

“புஸ்தகத்துலயும் வெச்சீங்களா?”

“வெக்காம அனுப்புவனுங்களா? அட்டை நடுவுலயே வெச்சுட்டனுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.