பத்துக்குக் கீழே

லிஃப்ட் மெக்கானிக்காக அவர் இருபது வருடம் வேலை பார்த்தார். கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது; மோசமில்லை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம், "பதறாதீங்க, விழறதா இருந்தா இந்நேரம் விழுந்திருக்கும்" என்பார். அதைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நீளமான கூடம், சுவரோரம் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ரத்தம் சுத்தமாகி முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே இருந்த நண்பர்கள் மெல்ல விலகிவிட்டதால், அவருக்கு மிஞ்சியிருந்த பேச்சுத்துணை அந்தக் கூடம்தான்.

கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பவர்களுக்கு அங்கே தனி இயந்திரம். வாத்தியார் அதற்கு "வெளிநாடு" என்று பேர் வைத்திருந்தார். போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

கூடத்துக்கு வந்த புதிதில் அந்தக் கிருமிக்கான தடுப்பூசியை எல்லாத் தவணையும் அவருக்குப் போட்டிருந்தார்கள். மறுவருடம் பார்த்தபோது ரத்தத்தில் எதிர்ப்பு சக்தியின் அளவு பத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மறுபடி ஒரு பூஸ்டர் ஊசி போட வேண்டும் என்றாள் கூடத்து நர்ஸ். அவருக்கு ஊசிகள் அலுத்துப்போயிருந்தன. வேறொரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்த தங்கைக்கு போன் செய்தார்.

"ஏன் பாப்பா, ஹெபடைடிஸ் பி ஊசி முழுசா போட்டாச்சுன்னா, திரும்பப் போடணுமா?"

"வேண்டாம்ணே. எனக்கே இப்ப அளவு பத்துக்குக் கீழதான். படிக்கிறப்ப போட்டது. டாக்டர் பூஸ்டர் வேண்டாம்னுட்டார். ஒருதடவை நல்லா ஏறிடுச்சுன்னா உடம்பு மறக்காதாம். கிருமி வந்தா அதுவே முழிச்சுக்கும். முப்பது வருஷமானாலும் தாங்குதாம்." பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. "வச்சுடறேண்ணே."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அண்ணிக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. ஆரோக்கியமான உடம்புக்கு அது சரி. டயாலிசிஸில் இருக்கும் உடம்பின் ஞாபகத்தை அப்படி நம்ப முடியாது. அளவு பத்துக்கு மேல் நிற்கும்வரைதான் காவல். அதனால்தான் வருடாவருடம் பார்க்கிறார்கள், இறங்கினால் பூஸ்டர் போடுகிறார்கள். உண்மையான ஒரு வாக்கியம் தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் அதைப் பொய் என்று பிடிக்கவும் வழியில்லை.

"என் தங்கச்சியே நர்ஸ்தாம்மா" என்று கையை இழுத்துக்கொண்டார். கூடத்து நர்ஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு வேறிடம் மாறிப்போனாள்.

அடுத்த வருடம் பிறப்பதற்குள் ரத்தத்தில் கிருமி வந்துவிட்டது. எந்தக் கையால், எந்தக் குழாயால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பூஸ்டரை ஏன் தட்டிக்கழித்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஊசின்னா பயம் சார்" என்றார். தங்கையின் பேச்சு வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது அவருடைய கவலை.

மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. பார்க்க வந்த நாத்தனாரிடம் சொன்னாள்: "ஊர்ல உள்ள லிஃப்டுக்கெல்லாம் கயிறு தேஞ்சிருக்கான்னு வருஷா வருஷம் பார்த்த மனுஷன். தன் உடம்புக்கு மட்டும் தங்கச்சி வாக்கே போதும்னுட்டார்."

"உங்களுக்காகக் கேக்கறார்னுல்ல நெனச்சேன் அண்ணி."

"எனக்கு நேத்துதான் முதல் ஊசியே போட்டாங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் முறையாகத் தனி அறை. கடந்து போகையில் வாத்தியார் கையை மட்டும் உயர்த்தினார். ஒரே ஓர் ஊசி மட்டும் போட்டிருந்த மனைவியை வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். தங்கை உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீயும் வெளிய இரு பாப்பா."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே." சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

"தெரியும். அதான் சொன்னியே" என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கி, குழாயில் ரத்தம் ஏறியது. அவள் எழுந்து போகவில்லை. அவரும் மறுபடி போகச் சொல்லவில்லை.