அமெரிக்கப் பாட்டுக்காரியின் ஜக்கெற்

கனடாவிலிருந்து சித்தி அனுப்பும் பார்சலை அம்மாதான் பிரிப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. அன்று நான் தொட்டேன். எனக்கு ஒன்பது வயது. சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து, எங்கள் ஊர் ஜெயபுரத்துக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவும் அம்மாவும் வயலில் நின்றார்கள். சொக்லேற்றைத் தேடித்தான் கையை விட்டேன். வந்தது, சித்தியின் மகள் போட்டுப் பழசாக்கிய ஒரு ஜக்கெற்.

பச்சையும் மண்ணிறமும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. முதுகில் றோஸ் நிறத்தில் பெரிய ஆங்கில எழுத்துகள். பக்கத்து வீட்டு ரீவியில் அமெரிக்கப் பாட்டுக்காரி ஒருத்தி இதேபோல ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆடுவாள். கனடாவில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே அப்படிப் போவார்களாம். எங்கள் நாட்டில் அந்தத் துணியை ஆமி மட்டும்தான் உடுத்தலாம் என்பதை, பாவம், அங்கே பிறந்த அக்காவுக்கு யார் சொல்வது? சித்தியும் எப்படி மறந்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் கடைக்குப் போனேன். வேர்த்து ஊற்றியது; கழற்றுவேனா? சந்திக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். என்னைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தான். போனை எடுத்துப் படம் பிடித்தான். "வீடு எங்க? அம்மா பேர் என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். படம் பிடித்த பெருமையில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மட்டும் வயலிலிருந்து திரும்பி, சமையலையும் முடித்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"ஆர் கண்டது?"

"ஆமிக்காரன். படமும் எடுத்தவன்."

"என்ன கேட்டவன்?"

"உங்கட பேர்."

"சொன்னனியே?"

"ஓம்."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அம்மா ஜக்கெற்றைக் கழற்றியெடுத்து, குசினிக் கதவைச் சாத்தினார். அடுப்பை மறுபடி மூட்டி, வெறும் தண்ணீர்ப் பானையை ஏற்றினார். புகை தெரிந்தால் சமையல் என்று ஊர் நினைக்கட்டும் என்றார். கத்தரிக்கோலால் முதலில் இரும்புப் பொத்தான்களை நறுக்கி எடுத்தார், பிறகு இழுத்துப் பூட்டும் சிப்பை. "இதுகள் எரியாது," என்று அவற்றை அரிசிப் பானைக்குள் புதைத்தார். தையல் வழியே கீறி, உள்ளங்கை அளவு துண்டுகளாக்கி, ஒன்று எரிந்து முடிந்த பிறகே அடுத்ததை வைத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கரும்புகை எழும்புமாம். நான் விம்மி விம்மி அழுதேன்.

கடைசித் துண்டு கையில் இருக்கும்போது வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அம்மா துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அதே ஆமிக்காரன். போனை நீட்டினான். அதில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"என்ட மகள் கேக்குது, இது எங்க வாங்கினது? அவக்கு அந்த அமெரிக்கப் பாட்டுக்காரி நல்ல விருப்பம்."

"அது எங்கட இல்லை, சேர். கொண்டு வந்தவையிட்டையே திருப்பிக் குடுத்தாச்சு."

அவன் முகம் தொங்கிப்போனது. அம்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு போய்விட்டான். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

"அவன் மகளுக்குத்தானே கேட்டவன். ஏன் எரிச்சனீங்கள்?"

அம்மா எழும்பிப் போய்க் கடைசித் துண்டையும் அடுப்பில் வைத்தார். பயந்தாங்கொள்ளி அம்மா என்று கோபித்து, ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் திரிந்தேன். எது எரியும், எது எரியாது, எந்த அளவுத் துண்டுக்குப் புகை குறையும் என்று யாரையும் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டை முடிந்த நேரத்தில் அம்மா இதேபோன்ற ஒரு சண்டை உடுப்பை இப்படி எரித்திருப்பார், அது அவருடைய அளவுக்கே தைத்ததாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.