அக்காவை அழைத்துப் போக வந்தேன்

குன்னூருக்கு மேலே, ஒரு தியான இல்லத்தின் வாசலில் நிற்கிறேன். மூன்று வாரமாக அக்கா இங்கேதான் இருக்கிறாள். மூச்சைக் கவனித்து உட்காருவது நம் விசுவாசத்துக்கு ஆகாது, அழைத்து வந்துவிடு என்று எங்கள் போதகர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட் வேலை போனதால், சரோஜா என்ற பெண் இங்கே வாசல் கூட்டுகிறார். அக்காவின் பெயரைச் சொல்லி அவரிடம் கேட்கிறேன்.

"உள்ளே என்னங்க செய்யறாங்க?"

"எல்லாச் சாமி கும்புடறவங்களும் பேசாம உக்காந்திருப்பாங்க. உங்கக்கா மட்டும் ஏசப்பா, ஏசப்பான்னு முணுமுணுத்துட்டே இருப்பாங்க. ஆரும் ஒண்ணும் சொல்றதில்லைங்க."

அத்தானை அடக்கம் செய்த நாளிலிருந்து ஜெபிக்கவே மறுத்தவள் அக்கா. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

"கூப்பிடட்டுங்களா?"

"வேண்டாங்க. முடிச்சுட்டே வரட்டும்."