மாடி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின்

1986 சித்திரையில் என் தங்கைக்கு வயது இருபது. பதினான்கு வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் போட்டால்தான் உயிர். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்துக் குப்பி மாடி வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜில் இருந்தது. காலை ஏழுக்கும் மாலை ஆறரைக்கும் நான் போய் வாங்கி வந்து, ஊசி போட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஊசிக்கு முன் ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்போம். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை மிக அதிகம். ஆறு வருட நிறங்களையும் தேதி போட்டு நான் எழுதி வைத்திருந்தேன்.

"சித்திரகுப்தா, கணக்கு எழுதியாச்சா?"

"பச்சை. நேத்து மாம்பழம் தின்னியா?"

"ஒரே ஒரு துண்டு. அதையும் எழுதிக்கோ."

அவள் விலங்கியல் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். இன்சுலின் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். தன் தலை ரிப்பன்கள் இரண்டை எடுத்து, ஒன்றோடொன்று இரண்டு ஊக்குகளால் சேர்த்தாள். சின்ன ரிப்பனை மடித்து அதிலேயே மூன்றாவது ஊக்கைக் குத்தினாள்.

"ரெண்டு சங்கிலி. ஒண்ணுல இருபத்தோரு அமினோ அமிலம், இன்னொண்ணுல முப்பது. இப்படி மடிஞ்சிருந்தாத்தான் வேலை செய்யும். உருவம் போச்சுன்னா வேலையும் போச்சு."

கத்திரி வெயில் தொடங்கியது. பகலெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. இரண்டாம் நாள் ஆரஞ்சு. மூன்றாம் நாள் செங்கல் நிறம். ஏதாவது தொற்று இருக்கும், அளவைக் கூட்டுங்கள் என்றார் மருத்துவர். கூட்டினோம். நிறம் இறங்கவில்லை. தங்கை குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. நான் காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தாள். மூச்சு நீளமாக இழுத்தது. அதில் அழுகிய பழத்தின் வாடை. ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் முற்பகல் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அக்கா என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"இத இன்னா பண்றதுன்னு தெரியலப்பா. யாருக்காவது ஒதவும்னா குடுத்துடு."

கையில் வைத்தார். குப்பிக்குள் மருந்து வெள்ளையாக, கல்லாக இருந்தது.

"எங்கக்கா வெச்சிருந்தீங்க?"

"கரண்டு இல்லாம மருந்து கெட்டுடப் போவுதுன்னு, கத்திரி ஆரம்பிச்சதுலேர்ந்து மேல ஐஸ் வைக்கிற எடத்துலதான் வெச்சேன். நீ வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வெச்சிருவேன். ஜில்லுனு குத்துனா புள்ளைக்கு வலிக்குமே."

மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளில் உறைய விடக்கூடாது என்று அச்சிட்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பே படித்திருக்கிறேன். அக்காவிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவருக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது.

நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கைச் சூட்டில் மருந்து உருகி, ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கியது. சிறிது நேரத்தில் எந்த வித்தியாசமும் தெரியாமல் பழையபடி ஆகிவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"ஏம்பா, நான் ஒண்ணும் தப்பா வெச்சிடலயே?"

"இல்லக்கா. பத்திரமாத்தான் வெச்சிருந்தீங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து நான் எதுவும் தின்றிருக்க மாட்டேன் என்று சொல்லி, ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.