முகம் காஷ்மீர், உடம்பு தாராவி

பதினெட்டு வருஷமாக ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறேன். மும்பையில் நான் ஓட்டை போடாத சுவர் குறைவு. அத்தனை ஓட்டைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பப் போய் சிமெண்ட் வைத்து அடைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. தாராவியில் என் மச்சானின் நாய் அறையில் போட்ட ஓட்டை அது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முதலில் லெதர் பை தைத்தார். பிறகு வண்ண மீன் விற்றார். ஒருநாள் கரண்ட் போய் மீன்கள் எல்லாம் மல்லாந்து மிதந்ததும் நாய்க்கு வந்து சேர்ந்தார். பனி தேசத்தில் வண்டி இழுக்கிற ஹஸ்கி ஆண் ஒன்று, வெள்ளைப் பொமரேனியன் பெட்டை இரண்டு. இவற்றைச் சேர்த்ததில் பிறந்த குட்டிகளுக்கு ‘மினி ஹஸ்கி’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

அந்த அறைக்கு ஏசி மாட்டத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஏணியில் நின்று சுவரைத் துளைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

“மச்சான், இப்படிப் போட்டு வித்துருங்க. முகம் காஷ்மீர், உடம்பு தாராவி.”

அவர் சிரிக்கவில்லை. உடனே போனை எடுத்து எழுதிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்காத மனிதர்களால்தான் எனக்கு எப்போதும் ஆபத்து. சாயந்திரத்துக்குள் அது தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றிலும் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. குட்டிகள் பறந்தன.

அந்த வருஷம்தான் செம்பூரில், குடிசைகளை இடித்துக் கட்டிய பில்டிங்கில், ஏழாவது மாடியில் எங்களுக்கு வீடு கிடைத்தது. பால்காய்ப்புக்குப் பெண் வீட்டுச் சீர் வந்தது. குத்துவிளக்கு ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு, சேலை வேட்டி ஒரு தட்டு. கடைசித் தட்டை மச்சானே ஏந்தி வந்தார். அதில் வெற்றிலை பாக்குக்கு நடுவே, கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்து வெற்றிலையைத் தின்றுகொண்டிருந்தது.

என் மகள் கத்திய கத்தலில் பால் பொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

அது ஏன் சீராக வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நீலக் கண் குட்டி பிறந்த வாரமே போய்விடும். ஒரு கண் நீலம் என்றால்கூட எடுத்துக்கொள்வார்கள். இதற்கு இரண்டு கண்ணும் பழுப்பு. விற்காத சரக்கு. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கண்ணும் பழுப்புதான், என்னையும் ஒரு தரகர் ஏதேதோ சொல்லித்தான் அந்த வீட்டில் தள்ளிவிட்டார்.

பந்தி முடிந்து கை கழுவும்போது மச்சான் காதருகே வந்தார்.

“மாப்ள, பொட்டக்குட்டி. ஒரு வருஷம் வளரும். பொறவு ரெண்டே ரெண்டு ஈத்துக் குட்டி எனக்கு. அதுக்கு மேல ஒங்க பாடு.”

சபை நிறையச் சொந்தக்காரர்கள். மச்சான் கொண்டுவந்த சீரை வேண்டாம் என்றால் மனைவியையும் சேர்த்தே திருப்பி அனுப்பியதாக ஆகும். பல்லைக் காட்டித் தலையாட்டினேன்.

குட்டிக்கு ஒரு வயது நெருங்கும்போது கோடை வந்தது. ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி கிடையாது. எங்கள் மேற்குச் சுவரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தோசை ஊற்றலாம். கம்பளி போர்த்தியது மாதிரி மயிரோடு பிறந்த அந்தக் குட்டி பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தது. நாக்கு ஒரு முழம் வெளியே தொங்கியது. மகள் பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

வேறு வழியில்லாமல் ஒரு ஏசி செய்தேன். வாங்கவில்லை, செய்தேன். மாஹிமில் இடித்த ஆபீஸிலிருந்து உள் யூனிட், அம்பர்நாத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வெளி யூனிட். இரண்டு வேறு வேறு கம்பெனி. குழாயை இணைத்து, கேஸ் ஏற்றி ஓடவிட்டேன். இரண்டு கம்பெனியின் சத்தமும் வந்தது. ஒரு கம்பெனியின் குளிர்கூட முழுசாக வரவில்லை.

மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்கண்ணன் பண்ணுதத கேலி பண்ணுவீகளே, இது என்னவாம்?”

“வித்தியாசம் இருக்குல்லா. இது சரிவரலன்னா கழத்தி பங்கார்ல, பழைய இரும்போட போட்டுரலாம்.”

சொல்லி முடிக்கும்போது குட்டி வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. அதற்கு மேல் ஜோக் வரவில்லை.

அடுத்த வாரம் மாதுங்காவில் ஒரு மாமி வீட்டு ஏசி நின்றுவிட்டது என்று போனேன். ஹாலில் கடப்பாக் கல்லின் மேல் இன்னொரு மினி ஹஸ்கி. நீலக் கண்ணோடு மூச்சிரைத்துக் கிடந்தது. ஏசி நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

“சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறதுப்பா,” என்றார் மாமி. “வெயில் தாங்கும், ஏசியே வேண்டாம்னு சொல்லித்தான் குடுத்தான். இந்தா பாரு, மெசேஜ். முகம் காஷ்மீர், உடம்பு தாராவியாம். இதை எழுதினவனைக் கூட்டிண்டு வந்து, கம்பளியைப் போத்தி, இந்த ஹால்ல மத்தியானம் பூரா உக்காத்தி வைக்கணும்.”

நான் யூனிட் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். “ஆமா மாமி, அவனுக்கு அதுதான் சரி,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் கொடுத்தேன். போகும்போது மோர் கொடுத்தார். குடித்தேன். எழுதினவன் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாத இடத்தில் எல்லாம் ஓடுகிற வாய்.

அங்கிருந்து நேரே தாராவிக்குப் போனேன். மச்சான் குட்டிகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தார். பொமரேனியன் பெட்டைகளில் ஒன்று மூலையில் படுத்திருந்தது. வயிற்றில் மயிர் வழித்த இடத்தில் தையல். அப்பன் பெருசு, ஆத்தா சிறுசு. குட்டி அப்பனைப்போல் பெருத்தால் வெளியே வர வழி இல்லை. இது இரண்டாவது தடவை கிழித்து எடுத்தது.

“மச்சான், இந்த வெயில்ல இதுகள வளக்கதே பாவம். பொய்ய வேற சொல்லி விக்கீங்க.”

“பொய்யா? நீரு எழுதுன வசனம்தானவே?”

“நான் விளையாட்டுக்குச் சொன்னேன்.”

“நான் யாவாரத்துக்குப் போட்டேன். ஏம் மாப்ள, நம்ம திருநெல்வேலிலேந்து வந்து தகரத்துக்கு அடியில கெடந்தமே, ஏசி வேணுமான்னு நம்மகிட்ட ஒருத்தன் கேட்டானா? ஒடம்பு பழகலியா? நாய்க்கு மட்டும் என்ன ராஜ மரியாத?”

 நாம் நாமாக ரயில் ஏறி வந்தோம், அதைக் கூண்டில் வைத்துச் செய்தார்கள் என்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தோன்றியது. எனக்கு நல்ல பதில் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்தான் தோன்றும்.

ஆனால் அதற்கு முன்பே அவர் அடுத்ததைப் போட்டார். “ஒங்க குட்டிக்கும் வயசாயிட்டுல்லா? அடுத்த மாசம் கூட்டியாரும். ஹஸ்கிகூட விட்டுருவோம்.”

“எந்த ஹஸ்கி?”

“நம்மகிட்ட எத்தன ஹஸ்கி இருக்கு?”

“மச்சான், அது அதோட அப்பன்லா?”

“நாய்க்கு என்னவே அப்பன், ஆத்தா? நல்லதுக்குத்தான். குட்டிக்கு ஹஸ்கி முகம் இன்னும் தெளிவா விழும். நீலக் கண்ணுகூட வரும்.”

இதே மனிதர்தான் கல்யாண வீடுகளில், அந்தப் பெண் இந்தப் பையனுக்கு முறைப்படி தங்கச்சி ஆகிறாள் என்று ஏழு தலைமுறையைத் தோண்டிச் சண்டை போடுகிறவர். முறை பிசகக் கூடாது என்றுதான் என் வீட்டுக்கு நாலு தட்டுச் சீர் கொண்டுவந்தவர்.

நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போட வேண்டும் என்று பொய் சொல்லி ஒரு காலையில் குட்டியை டாக்டரிடம் தூக்கிப் போனேன். இனிமேல் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்துவிட்டார்கள். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி வாளி அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் புனல் மாட்டி அனுப்புவார்கள் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை.

மனைவி கதவைத் திறந்தாள். புனலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஊசிக்கா இம்புட்டுப் பெரிய புனலு?”

சொன்னேன். சீராக வந்ததை அறுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று அவள் கத்தினாள். அப்பன் விஷயத்தையும் சொன்னேன். கத்தல் நின்றது. சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள், ஏற்கனவே கழுவியதை. பிறகு, “இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?” என்று மட்டும் கேட்டாள். பத்து நாள் பேசவில்லை. நாயோடு பேசினாள்.

மச்சான் போனில் ஒரே வரி: “என் சீர அறுத்துட்டீரே, மாப்ள.” தீபாவளிக்கு வரவில்லை. மாறியது அவ்வளவுதான். அடுத்த மாதமே வேறு பெட்டை வாங்கிவிட்டார். பிறகொரு நாள் போய் அந்த அறை ஏசியைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். கழற்றினால் வேகப்போவது மச்சான் இல்லை. கழற்றப் போனவன் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு வந்தேன்.

போன வாரம் எங்கள் பில்டிங்கில் நாலாவது மாடி அண்ணாச்சி கூப்பிட்டார். மளிகைக் கடைக்காரர். ஏசி மாட்டணும் என்றார். உள்ளே போனால் மடியில் மினி ஹஸ்கிக் குட்டி. நான் சுவர் துளைக்கும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினேன். வெயில், மயிர், தையல் போட்ட வயிறு, அப்பன், எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக்கே அடிக்காமல் நான் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. நாம் யாரும் இனி வாங்காமல் இருந்தால்தான் இது நிற்கும் என்றும் சொன்னேன்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு போனை நீட்டினார். மச்சானின் புது ஸ்டேட்டஸ். பழைய வசனம் அப்படியே இருந்தது. கீழே எங்கள் ஏசிக்கு அடியில் காலை நீட்டிப் படுத்திருக்கும் எங்கள் நாயின் படம். என் மகள் மாமாவுக்கு ஆசையாக அனுப்பியது. ‘செம்பூரில் ஏழாவது மாடியில் சுகமாக வளர்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாம்.’

“ஒம்ம வீட்டு நாயப் பாத்துதாம் தம்பி வாங்குனேன்,” என்றார் அண்ணாச்சி. “நீரு சொல்லுதது எல்லாம் நியாயந்தான். அது கெடக்கட்டும். ஒரு டன் போதுமா, ஒன்றரை போடணுமா?”

குட்டி மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர் மாதிரியே மேற்கு.

“ஒன்றரை,” என்றேன். மெஷினை எடுத்தேன்.