பயிற்சியாளருக்கு எதிரே நின்றவர்

கல்லூரி அணியின் பனியன்களில் எண் தைத்துக்கொண்டிருந்த காலை நேரத்தில் எதிர் டீக்கடை தாமோதரன் சாலையைத் தாண்டி என் தையல் கடைக்கு வந்தார். "முனிரத்தினம் பூட்டாரும்மா. தறி ஓட்டிகினு இருக்கும்போதே வுழுந்துட்டாராம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். முனிரத்தினத்தோடு பேச்சை நிறுத்தி ஒரு வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதர், சாவுச் செய்தியை மட்டும் முந்திக்கொண்டு கொண்டுவந்தார்.

கல்லூரி மைதானத்து மதிலோரம் நின்று கால்பந்து பார்க்கும் உங்களுக்கு முனிரத்தினத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். நம் கல்லூரியில் அவரும் படித்ததில்லை, அவர் வீட்டில் யாரும் படித்ததில்லை. ஆனாலும் ஆட்டம் என்றால் டவுன் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்துவிடுவார். தறி இரைச்சலில் காது பாதி போய்விட்டதால், நலம் விசாரித்தாலே சண்டைக்கு இழுப்பது போலிருக்கும். கோல் விழுந்தால் அவர் போடும் கத்தலில் மலைமேல் இருக்கும் சாமி எழுந்து உட்காரும் என்று கேலி செய்வோம்.

தறிக்கூடத்தில் ஒருவர் பேசுவதை மற்றவர் காதால் கேட்க முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். முனிரத்தினத்துக்கு அது வெளியிலும் பழகிவிட்டது. ஒருநாள் கடைக்குள் நானும் என் வீட்டுக்காரரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். சாலைக்கு அந்தப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "கொழம்புல உப்பு இல்லன்னா நேரா சொல்லேம்பா, இன்னாத்துக்கு சுத்தி வளைக்கற?" என்று கத்தினார். டீக்கடையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அதன்பிறகு அவர் எதிரே இருந்தால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவேன்.

போன ஆண்டு பழைய பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார். நம் அணியோ தோற்றுத் தோற்றுத் துவண்டு கிடந்தது. சென்னையிலிருந்து ஒருவரை எடுக்க நிர்வாகம் நினைத்தது. பழைய மாணவர்களையும், விடாமல் ஆட்டம் பார்க்க வரும் எங்களையும் கேட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்கள். வந்தவரை வைத்து ஒரு பயிற்சி ஆட்டம் நடத்தினார்கள். நம் பையன்கள் ஜெயித்தார்கள். அன்று மாலை டீக்கடையில் எல்லோரும் ஒரு பக்கம் நின்றோம், முனிரத்தினம் ஒருவர் மட்டும் மறுபக்கம்.

"போன எடமெல்லாம் கப்பு வாங்கிக் குடுத்த ஆளுய்யா. நம்ம டீமு ஜெயிச்சு எத்தினி வருசமாச்சு?" என்றார் தாமோதரன்.

"ஜெயிப்பாரு, இல்லன்னு யாரு சொன்னா? அந்த ஆளு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வாய் சரியில்ல."

"கோச்சுன்னா திட்டத்தான் செய்வாரு. கொஞ்சுவாரா?"

"திட்றது வேற நைனா. இது வேற."

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. மலைக்குப் போய்ப் பூப்போட்டுப் பார்க்கலாம், சாமியே சொல்லட்டும் என்று ஒருவர் கிளப்பினார். "கண்ணெதிர்ல நடந்தத வுட்டுட்டு பூவப் பாக்கப் போறாங்களாம்!" என்று எழுந்து போய்விட்டார் முனிரத்தினம்.

பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இடைவேளையில் புதியவர் ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் காதருகே பேசினாராம். அவன் அம்மாவையும் அவன் பிறந்த தெருவையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னாராம். என்ன வார்த்தை, எந்தப் பையன் என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். "நான் அத வெளிய சொன்னா ஊரே அவன அந்த வார்த்தயாத்தான் பாக்கும். நாளைக்கு அவன் கிரவுண்டுக்கு வரமாட்டாம்மா."

கல்லூரிக் கூட்டத்திலும் எழுந்து "வேணாம்" என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டார்கள். "சொல்லமாட்டேன்" என்றார். அரங்கம் சிரித்தது. காரணமே சொல்லாமல் எதிர்ப்பவரை வேறு எப்படி நடத்துவார்கள்? அந்த வாரமே பயிற்சியாளர் பொறுப்பேற்றார். அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வெற்றிக்கும் தாமோதரன் முனிரத்தினத்தைக் குத்திக்காட்டினார். பிறகு அதையும் விட்டு, பேச்சையே நிறுத்தினார்.

முனிரத்தினம் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. எங்களோடு நிற்பதைத்தான் நிறுத்தினார். பயிற்சியாளர் நிற்கும் கோட்டுக்கு நேர் எதிர்க்கோட்டில் தனியாக நிற்பார். பந்து எங்கே போனாலும் அவர் பார்வை அந்த வாயை விட்டு நகராது. திடீரென்று மைதானம் அதிர "சார்!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். பயிற்சியாளர் நிமிர்ந்து பார்ப்பார், பாதியில் நிறுத்திக்கொள்வார். கூட்டம் கைதட்டிச் சிரிக்கும். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றியது.

சாவு வீட்டில் பக்கத்துத் தறிக்காரர் என்னிடம் சொன்னார்: "நான் திரும்பிப் பாக்கறேன், கீழ கெடக்கறாரு. வாய் அசைஞ்சிகினு இருந்துச்சு. இன்னா சொல்றாருன்னு புரியறதுக்குள்ள நின்னுபோச்சு." எத்தனை நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியவில்லை. தறி ஓடும் இடத்தில் யாராவது முகத்தைப் பார்த்தால்தான் குரலுக்கு அர்த்தம். ஊரார் முகத்தையெல்லாம் பார்த்த மனிதரின் முகத்தை அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை.

பந்தலுக்கு வெளியே ஒரு பையன் நின்றிருந்தான். நான் எண் தைத்துக் கொடுத்த பனியன்தான் போட்டிருந்தான். "அவரு எதிர்ல நிக்கற அன்னிக்கு சார் என்னிய ஒண்ணும் சொல்லமாட்டாருக்கா. அவருகிட்ட நான் பேசினதுகூட இல்ல" என்றான். அவரைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க" என்றான். அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் முனிரத்தினம் நின்ற இடத்தில் போய் நின்றேன். இடைவேளைக்குச் சற்று முன் பயிற்சியாளர் அந்தப் பையனைக் கோட்டருகே கூப்பிட்டார். வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என் சின்னக் குரலில் "சார்!" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தார். முனிரத்தினம் இல்லை, தையல்காரிதான் என்று தெரிந்துகொண்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தார். பையன் தலையைக் குனிந்தபடி உள்ளே ஓடினான். ஆட்டத்தை நாம்தான் ஜெயித்தோம்.

முனிரத்தினத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது எதிர்க்கோட்டில் கால் வைக்கும் அளவு இடமும் அந்த ஒரு சத்தமும்தான். அடுத்த ஆட்டத்துக்கும் நான் அங்கே நிற்பேன். ஆனால் முதுகைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்ட ஆளுக்கு எதிரே ஒருத்தி நின்றால் போதாது. அவர் திரும்பும் பக்கத்திலும் ஒருவர் நிற்க வேண்டும். முனிரத்தினத்தைத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களே, தாமோதரன் அண்ணே, நீங்களும்தான், வந்து நில்லுங்கள்.